இந்திரனின் ரெனோவேஷன்

போன ஞாயிற்றுக்கிழமை யீஷூனில் ஓர் அன்பர் வீட்டில் தங்கியிருந்தேன். கும்பகோணத்துப் பக்கத்துக் குடும்பம். சிங்கப்பூர் வந்து 12 வருஷம். உள்ளே நுழைந்ததுமே அந்த அம்மா, "சாமி தப்பா நினைக்கக் கூடாது, வீடு பழசு" என்றார். அடுப்படி அலமாரியில் ஒரு கதவு கீல் விட்டுத் தொங்கியது. சின்னப் பெண்ணின் தலைமுடி ரப்பர் பேண்டை மாட்டிப் பக்கத்துக் கதவோடு இழுத்துக் கட்டியிருந்தார்கள். ரெனோவேஷனுக்கு வாங்கிய கொட்டேஷன் மூன்று வருஷமாக டிராயரில் கிடக்கிறதாம். கொஞ்சம் பணம் சேரும். பள்ளி விடுமுறை வரும். பிள்ளைகள் எங்கேயாவது போகலாம் என்பார்கள். போய்விடுவார்கள்.

"ஊர்லேருந்து வர்றவங்க முகத்தைச் சுளிக்கிறாங்க. நாங்க பொறுப்பில்லாதவங்களா சாமி?" என்று கேட்டார் கணவர்.

அவருக்கு இந்திரன் கதையைச் சொன்னேன். பிரம்மவைவர்த்த புராணத்தில் வருவது. இந்திரன் அரண்மனையைப் புதுப்பிக்க விசுவகர்மாவைக் கூப்பிட்டான். விசுவகர்மா கட்டக் கட்ட இந்திரனுக்குப் போதவில்லை. இங்கே ஒரு மாடம் வேண்டும், அங்கே ஒரு குளம் வேண்டும். கான்ட்ராக்டர் அழுகிற அதிசயம் தேவலோகத்தில்தான் நடந்தது. விசுவகர்மா பிரம்மாவிடம் போய் முறையிட்டார். பெருமாளே சின்னப் பையனாக அரண்மனைக்கு வந்தார். "இதற்கு முன்னால் இருந்த இந்திரன் யாரும் இப்படிக் கட்டவில்லையே" என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். முன்னால் இருந்த இந்திரனா? அப்போது தரையில் எறும்புகள் சாரை சாரையாகப் போயின. பையன் சிரித்தான். "இவை ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் இந்திரனாக இருந்ததுதான்."

அந்த நேரம் தலைமேல் ஒரு கோரைப் பாயைப் பிடித்துக்கொண்டு ரோமச முனிவர் வந்து சேர்ந்தார். மார்பில் வட்டமாக ரோமம், நடுவில் வழுக்கை. ஓர் இந்திரன் போனால் ஒரு ரோமம் உதிரும். "வெயிலுக்கும் மழைக்கும் இந்தப் பாய் போதும். இருக்கப்போவது கொஞ்ச நாள், இதற்கு வீடு எதற்கு?" என்றார். ஓர் இந்திரனுடைய காலம் 71 சதுர்யுகம். அதுவே அவருக்குக் கொஞ்ச நாள்! நம் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டுக்குக் குத்தகை 99 வருஷம்.

சின்னப் பெண் கேட்டாள்: "இந்திரனுக்கு சண்டே லீவு கிடையாதா தாத்தா?" இந்த ஊரில் சனி, ஞாயிறுகளில் சுவரை உடைக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. தேவலோகத்தில் அப்படி ஒரு சட்டம் இல்லாமல் போனது விசுவகர்மாவின் விதி.

அன்று என்னையும் புலாவ் உபின் தீவுக்கு அழைத்துப் போனார்கள். சாங்கி பாயிண்டில் 12 பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும். உபினின் கிழக்கு மூலையில் செக் ஜாவா என்ற இடம். கடலை நிரப்பி நிலமாக்க இருந்தார்கள். 2001இல் அதை நிறுத்தி வைத்ததால் இன்றும் இருக்கிறது. கடல் வற்றிய நேரம். மரப்பாலத்தின் கீழே சேற்றில் நண்டுகள். ஒரு கொடுக்கு மட்டும் மிகப் பெரிது, அதைத் தூக்கித் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தன. கடல் ஏறும்போது இந்த நண்டு வளைக்குள் போய் வாயை மண்ணால் அடைத்துக்கொள்ளும். கடல் இறங்கினால் திறந்துகொண்டு மேய வரும். வளையிலேயே உட்கார்ந்து அதற்குப் பூச்சு பூசிக்கொண்டிருந்தால் பட்டினிதான்.

பெண் ஒரு சிப்பியை எடுத்தாள். இங்கிருந்து எதையும் கொண்டுபோகக் கூடாது என்றார் தகப்பனார். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்தாள். ஆசைப்பட்டதை அனுபவித்துவிட்டு அங்கேயே வைத்துவிட்டு வருவது எனக்கு இந்த வயதிலும் சுலபமில்லை.

இதை வைத்துக்கொண்டு, குழாய் ஒழுகினாலும் விட்டுவிடச் சாமி சொன்னார் என்று கிளம்பிவிடாதீர்கள். கீழ்வீட்டுக்காரர் கூரையில் ஈரம் இறங்கினால் அது பாவக் கணக்கு. அதேபோல, போன இடத்தைப் பார்க்காமல் போன படத்தை மட்டும் எல்லாருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தால், அதுவும் இந்திரன் அரண்மனை கட்டுகிற வேலைதான்.

திரும்புகிற வழியில் நல்ல மழை. நனைந்தபடி ஐந்து பேரும் அந்த அடுப்படியில் நின்று டீ குடித்தோம். எனக்குத் திருக்கோவலூர் ஞாபகம் வந்தது. பொய்கையாழ்வார், பூதத்தாழ்வார், பேயாழ்வார் மூவரும் இப்படி ஒரு மழை இரவில்தான் ஒரு சின்ன இடைகழியில் ஒதுங்கினார்கள். ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கத்தான் முடியும். இருட்டில் நாலாவதாக யாரோ நெருக்கினார்கள். பார்த்தால், பெருமாள். இடம் தாராளமாக இருந்திருந்தால் நெருக்குவது தெரிந்திருக்குமா?

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் முதுகை ஏதோ நெருக்கியது. மெய்சிலிர்த்துத் திரும்பினேன்.

ரப்பர் பேண்ட் அறுந்து, அலமாரிக் கதவு.