மஞ்சள் கடுதாசியும் வக்கீல் கூலியும்

சகோதர வியாபாரிகளே! ‘இன்னார் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்’ என்ற பேச்சு காதில் விழுந்தால், நமக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த மனிதர் அல்ல. அவர் பேரில் நம் பேரேட்டில் நிற்கும் பாக்கியே. நிற்க.

அமெரிக்காவில் ஹார்வி மில்லர் என்றொரு வக்கீல் இருந்தார். 1933-ல் புரூக்ளினில் பிறந்து 2015-ல் காலமானவர். நொடித்துப்போன கம்பெனிகளின் வழக்குகளே அவர் தொழில். அவர் வாலிபராயிருந்த காலத்தில் பெரிய வக்கீல் நிறுவனங்கள் இத்தொழிலை இழிவாக எண்ணி ஒதுக்கின. அவர் 1969-ல் வைல் காட்ஷல் நிறுவனத்தில் சேர்ந்து, அதற்கொரு மதிப்பை உண்டாக்கினார். 2008 செப்டம்பரில் லீமன் பிரதர்ஸ் விழுந்தபோதும், 2009 ஜூனில் ஜெனரல் மோட்டார்ஸ் விழுந்தபோதும் அக்கம்பெனிகளின் தரப்பில் நின்றவர் அவரே.

லீமன் விவகாரத்தில் வக்கீல்களுக்கும் கணக்கர்களுக்கும் ஆலோசகர்களுக்கும் போன கூலி 200 கோடி டாலருக்கு மேல். கோர்ட்டார் அனுமதித்த அந்தக் கூலி, ஈடில்லாமல் கடன் கொடுத்தவர்களுக்கு முந்திப் பட்டுவாடா ஆகும். இங்கே சிங்கப்பூரிலோ, லீமன் சம்பந்தப்பட்ட பத்திரங்களில் சேமிப்பைப் போட்டவர்கள் அதே 2008-ல் ஹாங் லிம் பூங்காவில் திரண்டு நின்றார்கள். பிறர் விழுந்த இடத்தில் இப்படிச் சம்பாதிப்பது நியாயந்தானா?

நியாயமில்லை என்றுதான் நாமும் எண்ணியிருந்தோம். ஆனால் ஒரு பழைய சங்கதி நம்மை உறுத்துகிறது. பல வருஷங்களுக்கு முன் நம் தெருவில் ஒரு மளிகைக்கடை நொடித்தது. சேதி முதல்நாள் இரவே நமக்கு எட்டிவிட்டது. சுபுஹு தொழுத கையோடு வண்டி பிடித்துப் போய்ப் பத்து மூட்டை அரிசியை ஏற்றி வந்தோம். நமக்கு வரவேண்டிய பாக்கிக்குத்தான். ஒரு காசு கூடுதலில்லை. எட்டு மணிக்கு முட்டைக்காரர் வந்தபோது அங்கே காலிச் சாக்குகளே கிடந்தன. அவர் பாக்கி நம்முடையதில் கால்வாசிகூட இராது. ஆனால் அவருக்கு அதுவே முதல்.

மில்லர் கையாண்ட சட்டம் தடுப்பது இந்த ஓட்டத்தைத்தான். மனு கொடுத்த கணமே எவரும் எதையும் இழுத்துப் போக முடியாது. கடை நடக்கும், ஈட்டின்மேல் கொடுத்தவர், தொழிலாளி, சரக்குப் போட்டவர், கடைசியில் பங்குக்காரர் என்று வரிசை உண்டு. கடனாளிக்குத் தவணை கொடுக்கச் சொல்லும் மார்க்கத்தில் பிறந்த நமக்கு இது புதிதுமல்ல. ஜெனரல் மோட்டார்ஸின் நல்ல பகுதி நாற்பது நாளில் புதுக் கம்பெனியாக எழுந்தது. பழைய பங்குகள் ஒன்றுமில்லாமற் போயின.

தவணையே வினையாவதும் உண்டு. மில்லருடைய நிறுவனம் வாதாடிய ஈஸ்டர்ன் விமானக் கம்பெனி 1989-ல் மனு கொடுத்து, கடன் கொடுத்தவர்களுக்குச் சேரவேண்டிய பணத்தைத் தின்றுகொண்டே பறந்து, 1991 ஜனவரியில் நின்றுபோயிற்று.

கபுறு வெட்டுகிறவர் கூலி வாங்குவதை நாம் குறை சொல்வதில்லை. கூலி வாங்குவது சரி, அதன் அளவுதான் சரியில்லை என்பது நம் எண்ணம். 200 கோடியை நம்மால் ஜீரணிக்க முடியவில்லை. ஆனால் அன்று நம் தெருவில் அப்படியொரு வக்கீல் இருந்திருந்தால், பத்து மூட்டையில் நமக்கு ஐந்தோ ஆறோதான் கிடைத்திருக்கும். முட்டைக்காரரும் வெறுங்கையோடு திரும்பியிருக்க மாட்டார்.

அவர் அதன் பிறகும் வெகுகாலம் நம் கடைக்கு முட்டை கொண்டுவந்து கொடுத்தார். அந்தக் காலையைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை.