தாய்மடி தேடும் கன்று

கோவைக்கு வடமேற்கே, தமிழகமும் கேரளத்தின் பாலக்காடு மாவட்டமும் சந்திக்கும் மலைச்சாரலில் அமைந்துள்ளது ஆனைகட்டி. பூஜ்ய ஸ்வாமி தயானந்த ஸரஸ்வதி 1990-ஆம் ஆண்டில் அங்கு ஆர்ஷ வித்யா குருகுலத்தை நிறுவினார். உபநிடதங்கள், கீதை ஆகியவற்றோடு, ஆதிசங்கரரின் பாஷ்யத்துடன் பிரம்ம சூத்திரமும் அங்கு போதிக்கப்படுகிறது. அந்த ஆழ்ந்த நூலில் ஓரிடத்தில் எளிய காட்சி ஒன்று வருகிறது: பசுவும், பால் குடிக்கும் கன்றும்.

சாங்கியர் ஒரு வாதத்தை முன்வைக்கின்றனர். 'அறிவற்ற பால், கன்றின் வளர்ச்சிக்காகத் தானே சுரக்கிறது. அதுபோல ஜடமான பிரகிருதியும், ஜீவனின் பொருட்டுத் தானே இயங்கும். ஈசுவரன் எதற்கு?' என்பது அவர்கள் கேள்வி. இரண்டாம் அத்தியாயம், இரண்டாம் பாதம், மூன்றாம் சூத்திரத்தின் உரையில் சங்கரர் இதற்கு விடை தருகிறார். பால் தானாகப் பெருகுவதில்லை. உணர்வுள்ள பசுவின் அன்பு அதைச் சுரக்கச் செய்கிறது. கன்று சப்புவதும் அதை ஈர்க்கிறது. எனவே ஜடம் மட்டும் இயங்குவதற்கு இது சான்றாகாது.

தொழுவத்தில் நின்று பார்ப்பவருக்கு இவ்வுண்மை விளங்கும். ஈன்ற பசு கன்றை நக்கி நக்கி உலர்த்துகிறது. கன்று தள்ளாடி எழுகிறது, விழுகிறது, மீண்டும் எழுகிறது. முன்னங்கால்களின் இடையிலும் வயிற்றின் ஓரத்திலும் மோதித் தேடி, இறுதியில் மடியை அடைகிறது. அது முட்டிச் சப்பும்போது பசுவின் உடலில் ஆக்ஸிடோசின் என்னும் சுரப்பு தூண்டப்பட்டுப் பால் இறங்குகிறது. அஞ்சிய பசுவோ பாலை அடக்கிக்கொள்ளும்.

இத்தேடலில் கன்றின் உயிரே அடங்கியுள்ளது. நோய் எதிர்ப்பாற்றல் தாயின் கருவறையில் கன்றுக்குக் கிடைப்பதில்லை. சீம்பாலின் வழியாகவே கிடைக்கிறது. அதை உள்ளிழுக்கும் குடலின் திறனும் சுமார் 24 மணி நேரத்தில் மறைந்துவிடுகிறது. 30 கிலோ எடையுள்ள கன்றுக்கு, முதல் சில மணி நேரத்திற்குள் ஏறக்குறைய 3 லிட்டர் சீம்பால் தேவை. சீம்பாலைக் காய்ச்சி உண்ணும் வழக்கம் இல்லங்களில் உண்டு. கன்று வயிறாரக் குடித்தபின் எஞ்சுவதே வீட்டாருக்கு உரியது. அதற்கு முன் கறப்பது, பேச இயலாத உயிரின் பங்கை அபகரிப்பதாகும்.

'வத்ஸம்' என்றால் கன்று. அச்சொல்லிலிருந்தே 'வாத்ஸல்யம்' பிறந்தது. கன்றின் உடலில் ஒட்டிய அழுக்கைப் பசு வெறுப்பதில்லை, நாவினாலேயே நீக்குகிறது. அடியாரின் குற்றத்தை இறைவன் வெறாது ஏற்பதற்கு வைணவ ஆசாரியர்கள் இதையே உவமையாகக் காட்டினர்.

அருள் உண்டெனில் முயற்சி எதற்கு என்று சிலர் சோம்பியிருக்கின்றனர். முயற்சியே போதும், அருள் எதற்கு என்று சிலர் செருக்குறுகின்றனர். கன்று இருவருக்கும் விடை கூறுகிறது. மடியில் பாலை வைத்தது கன்று அன்று. ஆயினும் எழுந்து முட்டாத கன்றின் வாயில் அது இறங்குவதில்லை. குருவை அணுகிப் பணிந்து வினவுமாறு கீதை பணிப்பதும் இதனாலேயே. பலமுறை விழுந்தும் தேடலைக் கைவிடாத சாதகன், அருள் தனக்காக முன்னரே காத்திருந்ததை உணர்வான்.