நடுவில் உட்காருகிறவர்

ஏரியூர்ப் பக்கம் ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு நர்சிங் தெரியும், பி.எட். தெரியும், என்னைக் காட்டி இன்ஜினியரிங்கும் சொல்வார்கள். தொழிலாளர் மேலாண்மை என்று ஒரு பி.ஏ. இருப்பது தெரியாது. சென்னையில் தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையம் என்ற அரசு நிறுவனம் அதை நடத்துகிறது, எம்.ஏ.வும் உண்டு. அக்கா மகளிடம் சொன்னபோது அவள் ஃபீஸ், ஹாஸ்டல் எதுவும் கேட்கவில்லை. "மாமா, இதப் படிச்சா நான் யாரு பக்கம் உக்காருவேன்?" என்றாள். அவள் அப்பா பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. வேறு எந்தப் படிப்பைப் பற்றியும் இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

படித்தவர்கள் போகிற முதல் இடம் கம்பெனி. 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் தொழிலாளர் நல அலுவலர் ஒருவரை வைக்க வேண்டும் என்றது 1948 தொழிற்சாலைகள் சட்டம். 2020 சட்டத் தொகுப்பு அதை 250 ஆக்கியது. சம்பளம் நிர்வாகத்தினுடையது, பெயர் தொழிலாளியினுடையது. இந்த இழுபறி சட்டம் எழுதியவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. நல அலுவலர் நிர்வாகத்துக்காகத் தொழிலாளிக்கு எதிராக ஆஜராகக் கூடாது என்று பல மாநில விதிகளில் எழுதி வைத்தார்கள். ஷோகாஸ் நோட்டீஸை யார் டைப் செய்கிறார் என்று ஏதாவது தொழிற்சாலையில் விசாரித்துப் பாருங்கள்.

எனக்கு அதிகம் உறுத்துவது இரண்டாவது இடம், அரசாங்க நாற்காலி. தொழிலாளர் துறையில் சமரசம் பேசுகிற அதிகாரி. அவர் நடுநிலையாக இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் 1947 தொழில் தகராறுகள் சட்டம் அவரிடம் கேட்டது வேறு: தாமதமின்றி விசாரித்து, நியாயமான, இணக்கமான தீர்வுக்கு இரண்டு தரப்பையும் கொண்டுவருவது. இணக்கம் மட்டும் போதுமென்றால் வேலை சுலபம். காத்திருக்க முடிந்தவன் காத்திருப்பான், முடியாதவன் கையெழுத்துப் போடுவான். கம்பெனிக்கு ஒரு மாதம் என்பது ஒரு காலாண்டு அறிக்கையில் ஒரு வரி. தொழிலாளிக்கு அது வாடகை, சீட்டு, பிள்ளை ஃபீஸ். நடுவில் உட்கார்ந்து சும்மா இருந்தாலே ஒரு பக்கம் ஜெயித்துவிடும்.

ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9ஆம் தேதி தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நடந்தது. முக்கியமான கோரிக்கை, சங்கத்தை அங்கீகரிப்பது. சங்கப் பதிவு மனுவோ அரசு மேசையில் கிடந்தது. சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' இருக்கலாமா என்று நிறுவனம் ஆட்சேபித்தது, விவகாரம் உயர் நீதிமன்றம் போனது, 2025 ஜனவரி கடைசியில்தான் பதிவு கிடைத்தது. 1926 தொழிற்சங்கச் சட்டத்தில் பதிவாளர் எத்தனை நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்று காலக்கெடுவே இருக்கவில்லை. ஆட்சேபணையைப் படிப்பது பதிவாளரின் கடமைதான், அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் ஃபைல் மேசையில் கிடந்த ஒவ்வொரு நாளும் யாருக்குச் சாதகம்?

"அப்படின்னா அதிகாரி தொழிலாளி பக்கம் சாயணுமா?" என்று ஆபீஸ் நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. இன்று ஒருவர் இரக்கத்தால் இந்தப் பக்கம் சாய்ந்தால், நாளை இன்னொருவர் முதலீட்டைச் சொல்லி அந்தப் பக்கம் சாய்வார். அதனால் தீர்ப்பில் சலுகை வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். வேகத்தில் மட்டும் அவர் சமமாக இருக்க முடியாது. வாய்தா கேட்பவருக்கும் வாய்தாவால் பட்டினி கிடப்பவருக்கும் ஒரே பொறுமையைக் காட்டுவது நியாயம் ஆகாது. (நண்பரும் நானும் எங்களைத் தொழிலாளி என்று சொல்லிக்கொள்வதில்லை. லே-ஆஃப் மெயில் வரும் வாரத்தில் மட்டும் சட்டப் பிரிவுகளை கூகுள் செய்வோம்.)

பழைய சட்டத்தில் சமரச அதிகாரி 14 நாளில் அறிக்கை தர வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்பில் அது 45 நாள். வேலைநிறுத்த நோட்டீஸ் கொடுத்தவர்களுக்கு மட்டும் பழைய 14. நோட்டீஸ் கொடுக்கும் தெம்பில்லாத சின்ன யூனிட்காரர்கள் 45 நாள் காத்திருக்க வேண்டும், அதாவது ஒன்றரை மாத வாடகை.