இடைகழியில் இடம்



நடுநாட்டுத் திவ்யதேசமான திருக்கோவலூரில், ஒரு மழை இரவில், முதலாழ்வார்கள் மூவரும் ஓர் இடைகழியில் கூடிய வைபவம் ஆஸ்திகர்கள் அனைவரும் அறிந்ததே. வாசற்கதவுக்கும் உட்கட்டுக்கும் நடுவிலுள்ள குறுகிய நடைவழியே இடைகழி. வடமொழியில் தேஹளீ. இல்லங்களில் ரேழி என்று வழங்குவதும் இதுவே. ஸ்ரீ வேதாந்த தேசிகன் அத்தலத்து எம்பெருமானைத் துதித்தருளிய நூலுக்கு தேஹளீச ஸ்துதி என்றே திருநாமம். கர்ப்பக்ருஹத்தை விட்டு இந்த ரேழியை இட்டு எம்பெருமானுக்குப் பெயர் அமைந்தது சிந்திக்கத்தக்கது.

ம்ருகண்டு மஹரிஷியின் ஆச்ரமத்து ரேழியில் பொய்கையாழ்வார் முதலில் வந்து படுத்திருந்தார். பூதத்தாழ்வார் வந்து கதவைத் தட்டினார். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம் என்று சொல்லிப் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். பேயாழ்வார் வந்தபோது உட்கார்ந்திருந்த இருவரும் எழுந்து நின்றார்கள். இம்மூன்று தருணங்களிலும் ரேழி ஒரு சாண்கூட அகலவில்லை. உள்ளே இருந்தவர்கள் தங்களைச் சுருக்கிக்கொண்டார்கள், அவ்வளவே. நான்காமவராக நெருக்கியவனோ, மூவடி மண் இரந்து ஈரடியால் உலகனைத்தும் அளந்த த்ரிவிக்ரமன். எல்லா இடமும் தனக்கே உடையவன், நிற்க இடமில்லாத இடத்தைத் தேடி வந்து நின்றான். விளக்கேற்றிய பின்னரே அவனை அவர்கள் கண்டார்கள். இடம் கொடுத்தது அதற்கு முன்னரே நிகழ்ந்துவிட்டது.

ப்ரஹ்மோத்ஸவத்துக்கு வரும் ஸேவார்த்திகளுக்கு இந்த நெருக்கம் புதிதன்று. கருட ஸேவைக்கு முந்திய இரவில் மண்டபத்தில் துண்டை விரித்துக் கால் நீட்ட இடமின்றிப் புரண்டவர்கள் பலர். அந்த சிரமத்தில் ஒரு ருசியும் உண்டு. மறுநாள் பஸ் ஏறினால் வீடு உண்டு என்னும் தைரியத்தால் வந்த ருசி அது. அதே மண்டபத்துத் தூணடியில் ஒரு சிறு மூட்டையுடன் ஒதுங்கியிருக்கும் முதியவருக்கோ, கொடியேற்றத்துக்கு முன்பும் அதுவே வீடு, கொடியிறக்கத்துக்குப் பின்பும் அதுவே வீடு.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடற்றவர்களை எண்ணுவதற்காக பிப்ரவரி 28-ஆம் தேதி இரவு ஒதுக்கப்பட்டிருந்தது. சாலையோரம், நடைபாதை, பெரிய குழாய்களின் உட்புறம், மேம்பாலத்தின் அடி, ரயில் நிலைய மேடை என்று அவர்கள் உறங்கும் இடங்களை அடுக்கிய கணக்கெடுப்பு விதிகளில், வழிபாட்டுத் தலங்களும் மண்டபங்களும் இடம்பெற்றிருந்தன. அன்றிரவு பாரத தேசம் முழுவதிலும் எண்ணப்பட்டவர்கள் ஏறத்தாழ 17 லட்சத்து 73 ஆயிரம் பேர். ஆகவே அவர்களில் ஒரு பங்கினர் எம்பெருமானின் மதிலோரத்தில் இருப்பவர்கள். உத்ஸவம் நெருங்கும்போது சில ஊர்களில் முதல் காரியமாக இவர்களை அப்புறப்படுத்துகிறார்கள். வீதி சுத்தமாக இருக்கவேண்டும் என்பது நியாயமே; ஆனால் குப்பையோடு சேர்த்து மனிதரையும் பெருக்குவது எந்த ஆகமத்திலும் சொல்லப்படாத சுத்தி.

முன்னோர்கள் இவ்விஷயத்தில் சும்மா இருக்கவில்லை. வழிப்போக்கனுக்காகவே திண்ணை கட்டினார்கள். இன்று திண்ணை போய் இரும்புக் கம்பிக்கதவு வந்துவிட்டது. தஞ்சை மஹாராஜா ஸரபோஜி ஒரத்தநாட்டில் ஏற்படுத்திய முக்தாம்பாள் சத்திரம் போல் அன்னமும் தங்குமிடமும் அளித்த சத்திரங்கள் பல இருந்தன. ஆயினும் சத்திரம் யாத்ரிகனுக்கானது. மூன்று நாள் தங்கலாம் என்றால், நான்காம் நாள் அவன் போவதற்கு ஓர் ஊர் உண்டு என்பது பொருள். போவதற்கு ஊரே இல்லாதவனை என் செய்வது என்ற கேள்விக்கு சத்திரத்தில் விடை இல்லை.

அந்தக் கேள்வி 2010-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தில் எழுந்தது. பெரிய நகரங்களில் லட்சம் மக்களுக்கு ஒன்று என்ற கணக்கில், இரவும் பகலும் ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் தங்குமிடங்கள் வேண்டும் என்று நீதிபதிகள் பணித்தனர். 2013-இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் விதிகள், அத்தகைய தங்குமிடத்தில் ஒருவருக்குக் குறைந்தது 50 சதுர அடி என்று வரையறுத்தன. சென்னை மாநகராட்சியின் தங்குமிடங்களைத் தொண்டு நிறுவனங்களே பொறுப்பேற்று நடத்தி வருகின்றன. ஆண்கள், பெண்கள், சிறார்கள் என்று தனித்தனியே அவை அமைந்துள்ளன. அரசு மருத்துவமனைகளில் நோயாளிக்குத் துணையாக வந்து வராந்தாவில் கிடப்பவர்களுக்கென்றும் உண்டு. 2020-இல் ஊரடங்கு வந்தபோது கூலியும் நின்று வாடகையும் கொடுக்க இயலாமல் எத்தனை பேர் நடந்தே ஊர் திரும்பினார்கள் என்பதை நினைத்தால், வீட்டுக்கும் வீதிக்கும் நடுவே பலருக்கு இருப்பது ஒரு மாத வாடகையே என்பது விளங்கும்.

கூரை கிடைத்துவிட்டால் துன்பம் தீர்ந்ததா? இல்லை. அடையாளச் சீட்டு எங்கே, ரேஷன் கார்டு எங்கே என்று கேட்பார்கள். கார்டுக்கு விலாசம் வேண்டும். விலாசத்துக்கு வீடு வேண்டும். இந்தச் சுழலில் சிக்கியவன் எங்கும் நிற்க இயலாதவன். ஸ்ரீமத் ராமாயணத்தில் விபீஷணாழ்வான் நின்ற நிலையும் ஏறக்குறைய இதுவே. மனைவி மக்களையும் இலங்கையையும் விட்டு வந்தவன், கடற்கரையில் கால் வைக்க அநுமதியின்றி ஆகாயத்திலேயே நின்றான். இவன் யார், எதற்கு வந்தான், நம்பலாமா என்று ஸுக்ரீவன் கேட்டதில் குற்றமில்லை. காவல் காப்பவன் கேட்கவேண்டிய கேள்விதான். பெருமாளோ, வந்தவனிடம் தோஷமே இருந்தாலும் கைவிடமாட்டேன் என்று அருளிச்செய்து, அழைத்து வரச் சொன்னார்.

விசாரணைக்கு முன் அடைக்கலம் என்ற இந்த முறையைச் சென்னையில் நடைமுறைப்படுத்திய ஒரு நிறுவனத்தைச் சொல்லவேண்டும். 1993-ஆம் ஆண்டு வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயகுமார் என்னும் இளம்பெண்கள் இருவர், மனநிலை பாதிக்கப்பட்டு வீதியில் அலைந்த ஒரு பெண்மணியைக் கண்டார்கள். சேர்த்துக்கொள்ளும் இடம் எங்கும் கிடைக்காமல், தாங்களே ஓர் இடத்தை உண்டாக்கினார்கள். நிறுவனத்துக்கு தி பேன்யன் என்று பெயர். ஆலமரம் என்பது பொருள். ப்ரளயத்தில் நிற்க நிலமே இல்லாதபோது எம்பெருமான் துயின்ற ஆலிலையை இப்பெயர் நினைவூட்டுகிறது. பெண்களை முதலில் சேர்த்துக்கொள்ளும் இல்லத்துக்கு அடைக்கலம் என்றே பெயர் வைத்தார்கள். அங்கே வருபவர்களில் தம் பெயரையே மறந்தவர்களும் உண்டு. சிகித்ஸை பலித்து ஒரு ஊரின் பெயரோ, ஓர் ஆற்றின் பெயரோ நினைவுக்கு வந்தால் அதைப் பற்றிக்கொண்டு தேடி, வெளி மாநிலங்கள் வரை கொண்டுபோய்க் குடும்பத்தில் சேர்க்கிறார்கள்.

திரும்ப ஏற்கக் குடும்பம் இல்லாதவர்களும் உண்டல்லவா? ஆயுள் முழுவதும் விடுதியில் இருப்பது வீடாகாது என்று கண்டு, 2015 முதல் வேறொரு வழி செய்தார்கள். சாதாரணத் தெருவில் வாடகைக்கு வீடு எடுத்து, நாலைந்து பெண்களைக் குடும்பமாகக் குடியமர்த்துகிறார்கள். துணைக்கு ஒருவர் உண்டு. காய்கறி வாங்குவதும், சமைப்பதும், பண்டிகைக்குக் கோலமிடுவதும் அவர்கள் இஷ்டம். அடுத்த வீட்டுக்காரர் சற்று நகர்ந்து இடம் கொடுத்தாலொழிய இது நடவாது. பணம் கொடுப்பதைக் காட்டிலும் அதுவே கடினம்.

வீடிழந்து அலைந்து, திரும்பி வந்தபோது அடையாளம் காணப்படாமல் நின்ற அநுபவம் அரங்கநகர் அப்பனுக்கே உண்டு. 1323-இல் படையெடுப்பு நேர்ந்தபோது அழகிய மணவாளனைப் பிள்ளை லோகாசார்யர் எழுந்தருளப்பண்ணிக்கொண்டு வெளியேறினார். வழியில் ஜ்யோதிஷ்குடியில் அவர் திருநாடு அடைந்தார். பின்பு பல ஊர்கள், காடுகள், கடைசியில் திருமலை. அங்கே ரங்கநாயக மண்டபம் இன்றும் அப்பெயரோடு இருக்கிறது. 1371-இல், 48 ஆண்டுகள் கழித்து, ஸ்ரீரங்கத்துக்கு எழுந்தருளியபோது அந்த ஸ்தானத்தில் வேறொரு மூர்த்தி எழுந்தருளியிருந்தார். பழையவர் இவர்தாம் என்று சாக்ஷி சொல்லத்தக்கவர்கள் அநேகமாக ஒருவரும் மிஞ்சவில்லை. அப்போது, முன்பு திருப்பரிவட்டங்களைத் துவைத்துவந்த கண்ணிழந்த முதிய வண்ணார் ஒருவர், இரு மூர்த்திகளின் ஈரவாடைத் தீர்த்தத்தையும் சுவைத்துப் பார்த்து, இவரே நம்பெருமாள் என்றார் என்பது ஸம்ப்ரதாயம். அன்று முதல் அதுவே திருநாமமாயிற்று. இடையில் அந்த ஸ்தானத்தில் இருந்தவரையும் ஒருவரும் வெளியேற்றவில்லை. திருவரங்க மாளிகையார் என்ற திருநாமத்துடன் அவரும் அதே ஸந்நிதியில் எழுந்தருளியிருக்கிறார்.