பதக்கத்திற்காக ஆடுதல்

ஒரு செயலை அச்செயலுக்காகவே செய்வதும், அதனால் வரும் பரிசுக்காகச் செய்வதும் ஒன்றல்ல என்று அறநூலார் நெடுங்காலமாகக் கூறி வந்துள்ளனர். உழைப்பைக் குறித்தும் கொடையைக் குறித்தும் கேட்கப்பட்டு வந்த இவ்வினா, இன்று விளையாட்டைக் குறித்தும் எழுந்துள்ளது. இளைஞர் திரையின் முன் எவ்வளவு நேரம் செலவிடுகின்றனர் என்று கவலைப்படும் பெற்றோர் பலர். எதற்காக ஆடுகின்றனர் என்று கேட்போர் மிகச் சிலரே.

‘பசில் பிளாட்ஃபார்மர்’ என்றொரு வகைக் கணினி விளையாட்டு உண்டு. ஆடுபவர் ஒரு சிறு உருவத்தை இயக்கிப் படிகளையும் பள்ளங்களையும் தாவிக் கடக்க வேண்டும். ஆனால் எங்கே தாவுவது, எந்தப் பெட்டியை எங்கே நகர்த்துவது என்பதை முதலில் சிந்தித்துக் கண்டுபிடிக்க வேண்டும். கைத்திறனும் மதிநுட்பமும் அதில் இணைந்துள்ளன. பெரிய நிறுவனங்களைச் சாராத ஓரிருவர் உருவாக்கும் இத்தகைய விளையாட்டுகள் பல, ஒரு மணி நேரத்திலோ இரண்டு மணி நேரத்திலோ முடிந்துவிடுபவை. இவற்றை விரும்பி வாங்குவோரில் ஒரு சாரார் புதிருக்காக வாங்குவதில்லை. எளிதில் கிடைக்கும் ‘அச்சீவ்மென்ட்’ எனப்படும் சாதனைப் பதக்கங்களுக்காகவே வாங்குகின்றனர்.

இப்பதக்க ஆசை நேற்றுத் தோன்றியதன்று. 1982இல் ஆக்டிவிஷன் நிறுவனம் வெளியிட்ட ‘பிட்ஃபால்’ விளையாட்டில் 20,000 புள்ளிகளைத் தாண்டியவர், தம் தொலைக்காட்சித் திரையைப் புகைப்படம் எடுத்து அஞ்சலில் அனுப்பினால், சட்டையில் தைத்துக்கொள்ளத் துணிச்சின்னம் ஒன்று வீடு வந்து சேரும். 2005இல் எக்ஸ்பாக்ஸ் 360 கருவி இவ்வழக்கத்தை இயந்திரத்திற்குள்ளேயே அமைத்தது. எல்லா விளையாட்டுகளிலும் பெற்ற புள்ளிகள் ஒரே கணக்கில் கூடிக்கொண்டே போகும். நண்பர்களும் அதனைக் காணலாம். 2007இல் ஸ்டீமும், 2008இல் பிளேஸ்டேஷனும் அவ்வழியே சென்றன. பொதுக் கணக்கு ஒன்று ஏற்பட்டதும் குறுக்கு வழிகள் தோன்றுவது இயல்புதானே! 2007இல் வெளிவந்த ‘அவதார்’ விளையாட்டு ஒன்றில், தொடக்கத்திலேயே ஒரே பொத்தானை விடாது அழுத்தி 1,000 புள்ளிகளையும் சில நிமிடங்களில் பெற முடிந்தது. 2016இல் ‘மை நேம் இஸ் மேயோ’ வந்தது. அதில் ஒரு மயோனைஸ் புட்டியைத் திரையில் 10,000 முறை தட்ட வேண்டும். தட்டி முடித்தவருக்குப் பிளாட்டினக் கோப்பை! சிரிப்பை மூட்டினாலும் அது நேர்மையான விளையாட்டு என்றே சொல்வேன்; தன்னிடம் வேறெதுவும் உள்ளதாக அது பாசாங்கு செய்யவில்லை.

சிறு புதிர் விளையாட்டின் நிலை அத்தகையதன்று. அதன் ஒவ்வொரு கட்டத்திலும் ஒருவருடைய சிந்தனை உறைந்துள்ளது. பதக்கம் நாடுபவர் எழுதப்பட்ட வழிகாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ‘இடப்பக்கம் செல்க, இருமுறை தாவுக’ என்று படித்துப் படித்து ஆடுகிறார். கை உழைக்கிறது, மனமோ கூலி வாங்கிக்கொண்டு உறங்குகிறது. முடிவில் ‘புதிரை விடுவித்தவர்’ என்று பதக்கம் சான்று பகர்கிறது. நடவாத ஒன்றுக்கு அச்சான்று வழங்கப்படுகிறது.

கத்தோலிக்க மெய்யியலாளர் அலஸ்டேர் மெக்கின்டயர் 1981இல் எழுதிய நூலில், மிட்டாய் தருவதாகச் சொல்லிச் சதுரங்கம் கற்பிக்கப்படும் ஒரு குழந்தையை எடுத்துக்காட்டுகிறார். மிட்டாய் மட்டுமே நோக்கமாக இருக்கும்வரை, ஏமாற்றாமல் ஆடுவதற்கு அக்குழந்தைக்குக் காரணமே இல்லை. ஆனால் நாளடைவில் சதுரங்கத்திற்குள்ளேயே உள்ள நன்மைகளை அது கண்டுகொள்ளக்கூடும். அதன்பின் ஏமாற்றினால் தன்னையே தோற்கடித்துக்கொள்வதாகும். எனவே மிட்டாயைக் குற்றம் சொல்வதற்கில்லை. அது வாசல்வரை அழைத்து வரலாம். (மறைக்கல்வி வகுப்பில் வருகைக்காகப் படமும் பரிசும் வழங்கும் நாம் இவ்வினாவைக் கடந்துவிட்டவர்கள் அல்லர்.) பதக்கத்திற்காகத் தொடங்கி, புதிரின் அழகில் தோய்ந்து, வழிகாட்டியை மூடிவைத்துவிடும் இளைஞரும் உண்டு. பட்டியல் சொல்லாவிடில் அந்த விளையாட்டை அவர் தேடியிருக்கவே மாட்டார்.

அவர்கள் தரப்பில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பகல் முழுதும் உழைத்தும் பாராட்டுச் சொல் ஒன்றையேனும் கேளாத மனிதர் எத்தனை பேர்! இன்ன செயலுக்கு இன்ன பலன் என்று முன்கூட்டியே அறிவித்து, முடித்த நொடியிலேயே தந்துவிடும் இடம் அவர்களுக்கு ஒரு மணி நேரம் கிடைக்கிறது. அந்த ஆறுதலை வீண் பெருமை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. ஒருவரையும் வஞ்சிக்காமல், தம் கடமையையும் கைவிடாமல் ஆடுபவரைப் பாவி என்பது மிகை.

எனினும் புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் விளையாட்டைப் பற்றி எழுதிய பகுதி நம்மை நிறுத்தி யோசிக்க வைக்கிறது. திருத்தூதர் யோவானைப் பற்றிய பழங்கதை ஒன்றை அவர் அங்கே எடுத்தாள்கிறார். யோவான் தம் சீடரோடு விளையாடுவதைக் கண்டு சிலர் முகம் சுளித்தனராம். அவர்களுள் வில்லேந்திய ஒருவரை அம்பு எய்யச் சொன்னார் யோவான். பலமுறை எய்தபின், இப்படியே ஓயாமல் எய்ய முடியுமா என வினவினார். வில் முறிந்துவிடும் என்று விடை வந்தது. மனமும் அத்தகையதே என்றார் யோவான். உள்ளத்திற்கு ஓய்வு தருவதே விளையாட்டின் பணி என்பதும், அளவோடு விளையாடுவது ஒரு நற்பண்பே என்பதும் அக்குவினாசின் கருத்து. பதக்கக் கணக்கைக் கொண்டு நாம் கவலைப்பட வேண்டிய இடம் இதுதான். எத்தனை முடிந்தது, எத்தனை மீதம் என்று ஓய்வு நேரத்திலும் எண்ணிக்கொண்டிருப்பவரின் வில் நாண் தளர்வதே இல்லை. அலுவலகத்தில் விட்டுவந்த கணக்கேட்டை அவர் வீட்டில் மீண்டும் திறக்கிறார். இம்முறை மேலதிகாரியும் அவரே.

2008இல் வெளிவந்த ‘பிரெய்ட்’ என்ற புதிர் விளையாட்டின் ஆசிரியர் ஜானதன் ப்ளோ இதனை நன்கு உணர்ந்தவர் போலும். அவரே வழிகாட்டி ஒன்றை வெளியிட்டார். விடைகளை எதிர்பார்த்துத் திறந்தவர், வழிகாட்டியின்றி நீரே முயன்று பாரும் என்ற அறிவுரையையே அதில் கண்டார். அவ்விளையாட்டிற்கும் பதக்கங்கள் உண்டு. ஆனால் அதற்குள் சில நட்சத்திரங்களும் மறைந்துள்ளன. அவற்றுள் ஒன்றை அடைய, மிக மெதுவாக நகரும் ஒரு மேகம் வந்து சேரும்வரை ஏறத்தாழ இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். மூல வடிவில் அந்த நட்சத்திரங்களுக்கு எந்தப் பதக்கமும் இல்லை. கணக்கில் ஒரு புள்ளியும் கூடாது. அப்படியிருந்தும் காத்திருந்து எடுத்தவர்கள் உண்டு.