தவறிய வேளையும் அடுத்த வேளையும்



சர்க்கரை நோயும் கூடவே உடல் பருமனும் உள்ளவர்களிடம், எதைச் சாப்பிடலாம், எதைத் தள்ள வேண்டும் என்று கேட்டால் மனப்பாடமாகச் சொல்வார்கள். சோற்றைக் குறைக்க வேண்டும், காய்கறியைக் கூட்ட வேண்டும், காபியில் சர்க்கரை கூடாது, தினமும் நடக்க வேண்டும். இத்தனையும் தெரிந்தவர்கள் ஏன் இரண்டு மாதத்தில் பழையபடி ஆகிவிடுகிறார்கள்? மன உறுதி போதவில்லை என்பது நாம் எல்லோரும் சொல்லும் பதில். அது பாதிதான் சரி. கல்யாணப் பந்தியில் ஒரு ஜாங்கிரியும் ஒரு கரண்டி பாயசமும் இலையில் விழுகின்றன. வேண்டாம் என்று கையை நீட்டுவதற்குள் பரிமாறுகிறவர் அடுத்த இலைக்குப் போய்விடுகிறார். சாப்பிட்டாயிற்று. அதோடு நின்றால் பெரிய சேதம் ஒன்றுமில்லை. ஆனால், 'முழுக்க நனைந்தாயிற்று, இனி முக்காடு எதற்கு' என்கிறது மனம். ராத்திரிக்குப் பரோட்டா, மறுநாள் நடைக்கு விடுமுறை, வருகிற திங்கட்கிழமை முதல் ஒழுங்காக இருக்கலாம் என்று ஒரு தீர்மானம். அந்தத் திங்கள் வருவதற்குள் நான்கைந்து நாள் ஓடிவிடுகிறது. ஜாங்கிரி கெடுத்ததைவிட அந்த நாட்கள் கெடுப்பதுதான் அதிகம்.

மனம் போடும் இந்தக் கணக்கை ஆய்வாளர்கள் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். பீட்டர் ஹெர்மன் என்ற உளவியலாளர் தம் சக ஆய்வாளருடன் சேர்ந்து 1975இல் வெளியிட்ட ஆய்வு அது. சிலருக்கு முதலில் மில்க்‌ஷேக் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. பிறகு எல்லோர் முன்னும் ஐஸ்கிரீமை வைத்து, சுவை பார்க்கச் சொன்னார்கள். வேண்டிய அளவு சாப்பிடலாம் என்றார்கள். கட்டுப்பாடு எதுவும் இல்லாதவர்களில், மில்க்‌ஷேக் குடித்தவர்கள் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். வயிறு நிறைந்திருந்தது, அவ்வளவுதான். உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தவர்களிடம் நடந்தது தலைகீழ். மில்க்‌ஷேக் குடித்தவர்கள், குடிக்காதவர்களைவிட அதிகமாக ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். பத்தியம் கலைந்துபோனது என்ற எண்ணம் நிறைந்த வயிற்றையும் மீறி வேலை செய்திருக்கிறது.

உடல் போடும் கணக்கு வேறு. மூன்று மாதச் சராசரி என்று நாம் சொல்லும் ஹெச்பிஏ1சி பரிசோதனையையே எடுத்துக்கொள்வோம். ரத்தத்தின் சிவப்பணு ஒன்று ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கும். அத்தனை நாளும் ரத்தத்தில் ஓடுகிற சர்க்கரை அதன் ஹீமோகுளோபினில் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டிக்கொண்டே வரும். எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பதைத்தான் அந்தப் பரிசோதனை அளக்கிறது. அதனால்தான், லேபுக்குப் போவதற்கு முந்தின மூன்று நாள் மட்டும் வாயைக் கட்டி, வெறும் வயிற்றுச் சர்க்கரையை இறக்கிக் காட்டுகிறவர்களை இது காட்டிக்கொடுத்துவிடுகிறது. இதே நியாயம் மறுபக்கமும் செல்லும். நாளுக்கு மூன்று வேளை என்றால் 90 நாளில் 270 வேளை. ஒரு பந்திச் சாப்பாடு அதில் ஒரு வேளை. மற்ற வேளைகள் ஒழுங்காக இருந்தால் அந்த ஒன்று பரிசோதனையின் எண்ணை அசைப்பது அரிது.

இப்படிச் சொல்வது தவறுவதற்கு அனுமதி கொடுப்பதாகாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 96 பேரைக் கொண்டு, ஒரு புதுப் பழக்கம் எத்தனை நாளில் படிகிறது என்று ஆராய்ந்தார்கள். நடுத்தரமாக 66 நாள் என்று வந்தது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் படிவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதும் அதில் தெரிந்தது. ஆனால் ஒரு நாள் விடுவது வேறு, விட்டுக்கொண்டே இருப்பது வேறு. அடிக்கடி விட்டால் விடுவதே பழக்கமாகும். ஹெச்பிஏ1சி அதையும் கூட்டிக்கொள்ளும். ஆக, சலுகை தவறிய வேளைக்கு மட்டும். அடுத்த வேளைக்கு அது செல்லாது.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. கஷ்டப்பட்டுக் குறைத்த எடை திரும்பி வந்துவிடுகிறதே, பிறகு எதற்கு இந்தப் பாடு? அமெரிக்காவில் இரண்டாம் வகை சர்க்கரை நோய் உள்ள 5,145 பேரைக் கொண்டு நடந்த 'லுக் அஹெட்' ஆய்வில், தீவிரப் பயிற்சி பெற்றவர்கள் முதல் ஆண்டில் சராசரியாக 8.6 சதவீத எடை குறைந்தார்கள். முடிவில் 6 சதவீதம்தான் மிஞ்சியது. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை குறையவும் இல்லை. 2012இல் ஆய்வை நிறுத்திவிட்டார்கள். மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதே ஆய்வில் அவர்களுக்கு மருந்துத் தேவை குறைந்தது, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது குறைந்தது, நடமாட்டம் மேம்பட்டது. நம் சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போகிறது. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரில், நடையையும் உணவையும் சீர்செய்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களுடைய எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை. எடை மிஷின் முள் அசையாத வாரத்தில் நடை வீண் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உழைக்கும் தசை ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. எடை குறையும்வரை அது காத்திருப்பதில்லை.

எனவே தீர்மானம் எடுக்கும்போதே, தவறினால் திரும்பும் வழியையும் சேர்த்து முடிவு செய்துவிட வேண்டும். மதியம் விருந்தில் கூடிப்போனால் ராத்திரிக்கு வழக்கமான அளவு, வழக்கமான காய்கறி. அரை மணி நடக்க முடியாத நாளில் சாப்பிட்டபின் பத்து நிமிடம், மழையென்றால் வீட்டுக்குள்ளேயே. ஈடுகட்டுகிறேன் என்று பட்டினி கிடப்பது கூடாது. இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு அது சர்க்கரையை அளவுக்குமேல் இறக்கி, நடுக்கம், வியர்வை, மயக்கம் என்று கொண்டுவிடும். மாத்திரையைத் தாமாகவே கூட்டுவதும் கூடாது. அதை மருத்துவரே சொல்ல வேண்டும். வீட்டில் இருப்பவர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 'நேற்று அவ்வளவு சாப்பிட்டீர்களே, இன்றைக்கு என்ன புதுசாகப் பத்தியம்?' என்ற ஒரு கேலி, திரும்பி வந்தவரை மறுபடியும் வெளியே அனுப்பிவிடும். அதைச் சொல்லாமல் ஒரு கைப்பிடி அவரைக்காயை நறுக்கி அடுப்பில் ஏற்றுங்கள். அவருக்கு இன்று வேண்டிய உதவி அவ்வளவுதான்.