சுடுகாடு வரை போய்வந்த சாக்ஸபோன்

சுடுகாடு வரை போய்வந்த வாத்தியத்தைச் சாமி புறப்பாட்டில் ஊதலாமா? எங்கள் மேளத்தில் மூத்தவரான மாமா கேட்ட கேள்வி இது. கடலூர் முதுநகரில் ஒரு பெரியவர் தன் பழைய ஆல்ட்டோ சாக்ஸபோனை விற்கிறார். வாங்குவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் பேண்டு செட்டிலேயே காலம் கழித்தவர். மாதா கோயில் தேர்பவனிக்கு ஊதியதைவிடச் சாவு ஊர்வலங்களுக்கு ஊதியதுதான் அதிகம் என்று ஒளிக்காமல் சொன்னார்.

வாத்தியம் அமெரிக்காவின் எல்கார்ட் ஊரில் கான் கம்பெனி செய்தது. "விளக்கை அணைச்சிட்டுப் பாருங்க தம்பி" என்றார் பெரியவர். குழலுக்குள் சின்ன பல்பை இறக்கிவிட்டு ஒவ்வொரு சாவியாக அழுத்தினேன். துளையைப் பேடு சரியாக மூடினால் இருட்டாகவே இருக்கும். தேய்ந்திருந்தால் விளிம்பில் பிறைபோல ஒரு கீற்று கசியும். கீழ் ஸ்தாயியில் நாலு கசிந்தன. தோல் பேடுதானே, மாற்றிவிடலாம். கழுத்து வளைந்து நிமிர்த்திய தடம் இல்லை. என் மவுத்பீஸும் ரீடும் போட்டுக் கரகரப்ரியா வாசித்தேன். அந்தக் கனம் புது வாத்தியத்தில் எனக்குக் கிடைத்ததில்லை.

அந்நிய வாத்தியம் என்று மாமா தயங்கவில்லை. 1846-இல் பாரிஸில் அடால்ஃப் சாக்ஸ் காப்புரிமை வாங்கிய குழலை, நாகஸ்வரக்காரர் மகனான கத்ரி கோபால்நாத் மைசூர் அரண்மனை பேண்டில் கேட்டு மயங்கி, நம் கமகத்துக்கு வசப்படுத்திவிட்டார். வயலினும் கிளாரினெட்டும் அதற்கு முன்பே நம்முடையவை ஆகிவிட்டன. மாமாவின் கவலை சாவுத் தீட்டு. தெருவில் ஒரு சாவு விழுந்தால் பிணம் எடுக்கும்வரை கோயில் நடை சாத்தும் ஊரில் வளர்ந்தவர் அவர். அவருக்குச் சுத்தமே பக்தி. அதை மூடநம்பிக்கை என்று தள்ள எனக்கு மனம் வராது.

முதலில் எல்லாரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். நடராஜர் பூசுவது சாம்பல். காரைக்கால் அம்மையார் கண்ட கூத்து நடந்ததே சுடுகாட்டில். "அவர் ஆடலாம். நாம அங்கேயிருந்து நேரா சந்நிதிக்கு வரலாமா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

பிறகுதான் நந்தனாரை நினைத்தேன். பெரியபுராணத்தைச் சேக்கிழார் தில்லை ஆயிரக்கால் மண்டபத்தில் இருந்து பாடினார் என்பது மரபு. அதில் ஆதனூர் நந்தனார் கோயில்களுக்குக் கொடுத்தவை எவை? பேரிகைக்குப் போர்க்கும் தோல், இழுத்துக் கட்டும் வார், வீணைக்கும் யாழுக்கும் நரம்பு, பூசைக்குக் கோரோசனை. செத்த மாட்டின் தோல் சாமிக்கு எதிரே முழங்கியது. அதைக் கொடுத்தவர் வாசலுக்கு வெளியே நின்றார். தில்லைக்குள் போக அவர் தீயில் இறங்க வேண்டியிருந்தது. தோலை யாரும் தீயில் இறக்கவில்லை.

எங்கள் தவிலிலும் ஒரு பக்கம் எருமைத்தோல், மறுபக்கம் ஆட்டுத்தோல். சாவிலிருந்து வந்த பொருளைச் சந்நிதி என்றைக்கும் விலக்கியதில்லை. அப்படியானால் தீட்டு என்று நாம் சொல்வது பொருளையா, ஆளையா? மாமாவிடமே கேட்டேன்: "ஒரு பெரிய வித்வான் தன் அப்பா போனப்ப இதே சாக்ஸபோன்ல ஒரு ராகம் ஊதியிருந்தார்னா, வேண்டாம்பீங்களா?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அது வேற" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அந்த இரண்டு சாவுக்கும் நடுவே மாறியது ஊதியவர் மட்டும்தான். நாம் கழுவ நினைப்பது அந்த மனிதரை.

சாவுக்கு ஊதும் அந்த வேலையும் லேசானதில்லை. துக்கம் தொண்டையில் அடைத்து, அழவும் முடியாமல் பாடைக்குப் பின்னால் நடப்பவர்களுக்கு, அந்த ஊதல்தான் அழுகையைத் திறந்துவிடுகிறது. பெரியவர் காசு வாங்கித்தான் செய்தார். கல்யாணத்துக்கு நானும் காசு வாங்கித்தான் ஊதுகிறேன். யாரோ ஒருவரின் கடைசிப் பயணத்துக்குத் தன் மூச்சைக் கொடுத்தவரின் வாத்தியம் கோயிலுக்கு ஆகாது என்றால், எது ஆகும் என்று எனக்கு விளங்கவில்லை.

வலது கட்டைவிரல் படும் இடத்தில் லாக்கர் பூச்சு உரிந்து பித்தளை வெளுத்திருக்கிறது. ரிப்பேர் செய்பவர், "மெருகு போட்டு லாக்கர் அடிச்சிடுறேன், எங்கேயிருந்து வந்ததுன்னே தெரியாது" என்றார். பாலிஷ் சக்கரம் உலோகத்தைத் தின்னும், குழலின் விரிந்த வாயில் செதுக்கிய பெண் உருவத்தையும் மழுக்கிவிடும். அது ஒரு காரணம். பெரியவரை அழித்துவிட்டு அவர் வாத்தியத்தை மட்டும் உள்ளே கொண்டுபோனால் நந்தனாருக்குச் செய்ததையே நானும் செய்தவன் ஆவேன். அதுதான் பெரிய காரணம்.

முன்பணம் கொடுத்துவிட்டேன். பேடு நாலும் மாற்றிக் கொடுத்தால் போதும், பித்தளையில் கை வைக்க வேண்டாம் என்று ரிப்பேர் செய்பவரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனித் தேருக்குள் மாமா மனம் மாறுவாரா என்பது அவர் பாடு. யார் கேட்டாலும், முதுநகரில் சாவு ஊர்வலங்களுக்கு ஊதிய ஒரு பெரியவருடையது என்று சொல்லிவிட்டுத்தான் வாசிப்பேன்.